பேரிங்கின் விலை பேரிங்கில் இல்லை

காருக்கு உதிரிப் பாகம் வாங்கும் போது பெரும்பாலும் யாரும் பேரம் பேசுவதில்லை. அட்டைப் பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது. பேசாமல் கொடுத்து விட்டு வந்து விடுகிறார்கள். ஆனால் அதே பாகத்தை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் கூலி கேட்டால் மட்டும், "என்னண்ணே, ஒரு பேரிங் மாத்துனதுக்கு இவ்வளவா?" என்று கேள்வி வரும். ராஜபாளையமானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் சரி, எந்தப் பட்டறை வாசலிலும் கேட்கக் கூடிய வசனம் தான் இது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு சின்னப் பொருள் போதும். அதன் பெயர் கிளட்ச் ரிலீஸ் பேரிங். உள்ளங்கையில் அடங்கி விடும். பிளேட், பிரஷர் பிளேட் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை குறைவு தான். ஆனால் பெரும்பாலான கார்களில் அதைத் தொட வேண்டும் என்றால் கியர் பாக்ஸையே கீழே இறக்க வேண்டும்!

இந்தக் கட்டுரை வலியுறுத்துவது இது தான். கிளட்ச் வேலைக்காகக் கியர் பாக்ஸ் இறங்கிய அன்றே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றி விட வேண்டும். இறக்கி ஏற்றிய கூலியைப் பில்லில் தனி வரியாக எழுதி, அதை முழுதாகக் கொடுக்கவும் வேண்டும். இரண்டும் வேறு வேறு விஷயம் போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு.

அது என்ன ரிலீஸ் பேரிங்?

இன்ஜின் பின்பக்கம் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றுகிறது. அதன் மேல் கிளட்ச் பிளேட். அதை அழுத்திப் பிடித்துக் கொண்டிருப்பது பிரஷர் பிளேட். இந்தப் பிடி இருக்கும் வரை இன்ஜின் சுழற்சி கியர் பாக்ஸுக்குப் போகும். கியர் மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பிடியை ஒரு நொடி விட வேண்டும். பெடலை மிதிப்பது அதற்காகத் தான்.

மிதித்தால் என்ன நடக்கிறது? கேபிள் மூலமாகவோ ஹைட்ராலிக் எண்ணெய் மூலமாகவோ ஒரு ஃபோர்க் அசைகிறது. அந்த ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை முன்னால் தள்ளுகிறது. பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் விரல்களை அழுத்துகிறது. பிடி விடுகிறது. சிக்கல் எங்கே என்றால், பிரஷர் பிளேட் இன்ஜின் வேகத்தில் சுற்றிக் கொண்டிருக்கிறது; ஃபோர்க் சுற்றுவதில்லை. சுற்றும் ஒன்றுக்கும் சுற்றாத ஒன்றுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்து அடியையும் வாங்கிக் கொள்வது இந்தப் பேரிங்.

பழைய பெட்ரோல் அம்பாசிடரில் இந்த இடத்தில் குண்டு பேரிங்கே கிடையாது. ஒரு கார்பன் வளையம் தான் இருந்தது. உரசி உரசித் தேயும். பிறகு வந்த கார்களில் குண்டுகள் போட்டு, உள்ளே கிரீஸ் அடைத்து, சீல் செய்த பேரிங் வந்து விட்டது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்று விட்டது. மாருதி 800 உற்பத்தியும் அதே 2014-ல் நின்றது. ஆனால் இரண்டு வண்டிகளையும் படுத்துக் கிடந்து பழுது பார்த்துத் தொழில் கற்ற கைகள் தான் பல ஊர்ப் பட்டறைகளில் இன்றைக்கும் மூத்த கைகள்.

இத்தனையையும் மூடியிருக்கும் கூடு தான் பெல் ஹவுசிங். கோயில் மணியைப் படுக்கப் போட்டது போல, இன்ஜின் பக்கம் அகன்று கியர் பாக்ஸ் பக்கம் குறுகியிருக்கும். பெயர் வந்ததே அதனால் தான்.

பேரிங் போய் விட்டது என்று எப்படித் தெரியும்? பெரும்பாலான கார்களில் ஒரு எளிய சோதனை உண்டு. வண்டியை நியூட்ரலில் ஓட விட்டுப் பெடலை மெதுவாக மிதிக்க வேண்டும். மிதிக்கும் போது "கிர்ர்..." என்று சத்தம் வந்து, விட்டதும் நின்றால் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல். விட்டிருக்கும் போது சத்தம் இருந்து, முழுக்க மிதித்ததும் நின்று விட்டால் சந்தேகம் கியர் பாக்ஸின் உள்ளே இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். சில கார்களில் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களைத் தொட்டுக் கொண்டே இருக்கும் அமைப்பு உண்டு. அங்கே இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

பேரிங்கைத் தொடும் வரை...

கூலி எதற்கு என்று கேட்பவர்கள் இந்த வேலையை ஒரு முறை முழுதாகப் பார்க்க வேண்டும். பார்க்க நேரமில்லாதவர்களுக்காக, சுருக்கமாக இதோ.

முதலில் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றப் போகும் வேலை. அதன் தடித்த வயரில் ஸ்பானர் பட்டால் பொறி பறக்கும். பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கிளட்ச் கேபிள் அல்லது சிலிண்டர், கியர் ராடு, ரிவர்ஸ் லைட் வயர், ஸ்பீடாமீட்டர் இணைப்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழலும்.

அடுத்து வருவது வண்டிக்கு வண்டி மாறும். மாருதி 800 போல முன் சக்கரம் இழுக்கும் கார்களில் கியர் ஆயிலை வடித்து விட்டு, சக்கரத்துக்குப் போகும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டையும் உருவ வேண்டும். ஜீப் போலப் பின் சக்கரத்துக்கு ஓட்டம் போகும் வண்டிகளில் பிராப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் ஒரு கோடு போட்டுக் கொள்வது நல்ல மெக்கானிக்கின் அடையாளம். பழையபடியே பொருத்தினால் அதிர்வு வராது.

பிறகு இன்ஜினுக்கு அடியில் ஒரு தாங்கல். கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக்கி. மவுண்டிங் கழன்ற பிறகு இன்ஜின் தொங்கி விடக் கூடாதல்லவா? அதற்குப் பின் தான் பெல் ஹவுசிங்கை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். கீழே இருப்பவை சுலபம். மேலே இருப்பவை தான் சோதனை. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் சரியாக எட்டாது. நீள எக்ஸ்டென்ஷன் போட்டு, விரல் உணர்வை மட்டும் நம்பிக் கழற்ற வேண்டும்.

எல்லாம் கழன்ற பிறகு கியர் பாக்ஸை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். இந்த "நேராக" என்ற சொல்லில் தான் பாதித் தொழில் இருக்கிறது. இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுப் பல்லுக்குள் செருகியிருக்கும். அது முழுதாக வெளியே வரும் முன் கியர் பாக்ஸ் எடையை அதன் மேல் தொங்க விட்டால் பிளேட்டின் நடுப் பகுதி வளைந்து விடும். மாட்டும் போதும் இதே ஆபத்து உண்டு. புதுப் பிளேட் போட்டும் கிளட்ச் அதிர்கிறது என்ற புகார்களில் சில இங்கே பிறந்தவை.

கியர் பாக்ஸ் தரைக்கு வந்தாயிற்றா? இப்போது தான் அந்தக் கதாநாயகன் கண்ணுக்குத் தெரிகிறான். ஃபோர்க்கில் இருக்கும் கிளிப்பைத் தள்ளி விட்டால் ரிலீஸ் பேரிங் குழல் மேலிருந்து வழுக்கிக் கொண்டு கையில் வந்து விடும். அரை நாளுக்கு மேல் விழுங்கி விடக் கூடிய வேலையில் பேரிங்கைக் கழற்றும் நேரம் ஒரு நிமிடம்!

பெல் ஹவுசிங்கைக் கழற்றுவது

பெல் ஹவுசிங் எல்லா வண்டியிலும் தனியாகக் கழலாது. மாருதி 800-ல் அது கியர் பாக்ஸ் கூட்டோடு சேர்த்து வார்த்தது. கியர் பாக்ஸையே பிரித்தால் தான் அது பிரியும். பழைய வில்லிஸ் ஜீப் வழி வந்த வண்டிகளில் அது தனி வார்ப்பு. அதை இன்ஜினோடு விட்டு விட்டுக் கியர் பாக்ஸை மட்டும் பின்னால் எடுக்கும் வழியும் உண்டு.

தனியாகக் கழலும் வேறு சில கியர் பாக்ஸ்களில் பெல் ஹவுசிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் மணியின் உள்பக்கம் இருக்கும். முன்னால் ரிலீஸ் பேரிங்கும் ஃபோர்க்கும் மறைத்துக் கொண்டிருக்கும். ஆகவே வரிசை மாறவே கூடாது. முதலில் பேரிங், அடுத்து ஃபோர்க், அதன் பிறகு போல்ட். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரு அட்டையில் மணியின் வட்டத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்து விட்டால் மாட்டும் போது தேட வேண்டியதில்லை. குட்டை போல்ட் இருந்த இடத்தில் நெட்டை போல்ட்டைப் போட்டு முறுக்கினால் அலுமினியம் வெடித்து விடும்.

போல்ட் கழன்றாலும் ஹவுசிங் உடனே வராது. இடம் மாறாமல் இருக்க டவல் பின் இருக்கும். பழைய கேஸ்கெட் ஒட்டியிருக்கும். அப்போது ஸ்குரூ டிரைவரைச் சந்தில் விட்டு நெம்பும் பழக்கம் இருக்கிறதே, அது தான் விபரீதம். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாக ஆயில் கசியும். மரச் சுத்தியோ ரப்பர் சுத்தியோ வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் தானாக விடும். உள்ளே மெல்லிய ஷிம் வளையம் இருந்தால் அதைத் தொலைக்காமல் எடுத்து வைக்க வேண்டும். காகிதம் போன்ற வளையம் தானே என்று விட்டால் பேரிங்கின் இடைவெளிக் கணக்கே மாறி விடும்.

இவ்வளவு வேலை இருப்பதால் காரணமில்லாமல் பெல் ஹவுசிங்கைக் கழற்றவும் கூடாது. முன் பக்கம் ஆயில் கசிவு, இன்புட் ஷாஃப்ட் பேரிங்கில் சத்தம், ஹவுசிங்கில் விரிசல், ஃபோர்க் உட்காரும் இடத்தில் தேய்மானம் - இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் போதும். திறந்த கதவுக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் பார்க்க வேண்டும். அதற்காகத் திறக்கத் தேவையில்லாத கதவையும் உடைக்கக் கூடாது.

இன்னொரு தவறு, நல்லெண்ணத்தில் செய்வது. கழற்றிய பேரிங்கை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊற வைத்துக் கழுவுவது. வெளியே பளபளப்பு வரும். உள்ளே ஆயுளுக்கென்று அடைத்த கிரீஸ் கரைந்து போய் விடும். சீல் செய்த பேரிங்கில் மறுபடி கிரீஸ் வைக்க வழியில்லை. அதைத் துணியால் துடைத்தால் போதும். மாட்டும் போது குழல் மேல் கிரீஸை மெல்லியதாகத் தான் தடவ வேண்டும். அதிகமாகப் போனால் தெறித்துக் கிளட்ச் பிளேட்டில் படும். பிறகு புதுப் பிளேட்டும் வழுக்கும்.

கணக்குப் பார்க்கலாமா?

சரி, காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரிந்த பாஷைக்கு வரலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்து ஒரு கார் பட்டறைக்கு வந்திருக்கிறது. கியர் பாக்ஸ் இறங்கியாயிற்று. ரிலீஸ் பேரிங் கையால் சுற்றினால் சுற்றுகிறது, சத்தம் இல்லை. "இது நல்லாத் தானே இருக்கு, இதையே போடுங்க" என்கிறார் உரிமையாளர். இது சரியா?

உதாரணத்துக்குச் சில தொகைகளை வைத்துக் கொள்ளலாம். இவை எந்தக் கடையின் விலையும் அல்ல, கணக்குக்காக மட்டும். புதுப் பேரிங் 900 ரூபாய். கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றக் கூலி 3,500 ரூபாய். வண்டி வாடகைக்கு ஓடுவது. நிற்கும் ஒரு நாளுக்கு 2,000 ரூபாய் நஷ்டம். இரண்டு நாள் நிற்கும்.

இன்று மாற்றினால் கூடுதல் செலவு வெறும் 900. கூலி எப்படியும் கொடுக்கப் போவது தான். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் மாறாத செலவை முடிவுக்கான கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தின் அரிச்சுவடி. மாற்றாமல் விட்டுப் பாதியில் பேரிங் போனால்? பேரிங் 900, மறுபடி கூலி 3,500, இரண்டு நாள் நஷ்டம் 4,000. மொத்தம் 8,400 ரூபாய்.

900-ஐ 8,400-ஆல் வகுத்தால் சுமார் 10.7 சதவீதம் வருகிறது. இதன் அர்த்தம், அடுத்த கிளட்ச் வேலை வரும் முன்பே பழைய பேரிங் போய் விடும் வாய்ப்பு பத்தில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டினாலே, இன்று மாற்றுவது தான் லாபம். ஒரு பிளேட்டின் முழு ஆயுளையும் பார்த்து விட்ட பேரிங், இன்னொரு பிளேட்டின் முழு ஆயுளையும் தாங்கும் என்று பத்துக்கு ஒன்பது நம்பிக்கையோடு சொல்ல எந்த மெக்கானிக்காவது முன்வருவாரா? சந்தேகம் தான்.

இதில் மலைப் பாதையைச் சேர்க்கவில்லை. ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 திருமங்கலத்தில் தொடங்கி, தென்காசி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு வழியாக மலையேறிக் கொல்லம் வரை போகிறது. குற்றால சீசனுக்கும் ஐயப்பன் சீசனுக்கும் வாடகை வண்டிகள் ஓடும் பாதை இது. மேட்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே அரை கிளட்சில் பிடித்துக் கொண்டே ஊர்வது எவ்வளவு சகஜம்! அந்த ஒவ்வொரு நிமிடமும் ரிலீஸ் பேரிங்கின் மேல் எழுதப்படும் பற்று. ஆரியங்காவு ஏற்றத்தில் பேரிங் உடைந்தால் 8,400-ல் கணக்கு முடியாது. வண்டியைக் கட்டி இழுத்து வரும் செலவு தனி. வண்டிக்குள் இருக்கும் குழந்தை குட்டிகளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

மில்லுக்குத் தெரிந்த நியாயம்

இந்தக் கணக்கு ராஜபாளையத்துக்குப் புதிதும் அல்ல. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து நூற்பாலை இந்த ஊரின் சோறு. எந்த நூற்பாலையிலும் பராமரிப்பு அட்டவணை என்று ஒன்று இருக்கும். இயந்திரத்தை நிறுத்திப் பிரிக்கும் நாளில், பிரித்தால் மட்டும் எட்டும் பாகங்களைச் சேர்த்தே பார்த்து விடுவார்கள். பேரிங்கின் விலையை விட, இயந்திரம் மறுபடி நிற்பதால் போகும் நூலின் விலை அதிகம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஷிஃப்ட்டில் அந்த நியாயத்தைக் கண்ணால் பார்க்கும் ஊர்க்காரர்களே, சொந்தக் காருக்கு வரும் போது மட்டும் 900 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்கள். வேடிக்கை தான்!

எதிர்க் கேள்விகள்

"இப்படிச் சொன்னால் மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிப் பில்லை ஏற்றி விடுவார்களே?" இது நியாயமான பயம். இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கினால் மட்டுமே எட்டும் பாகமா இல்லையா? அவ்வளவு தான் கேள்வி. ரிலீஸ் பேரிங், வண்டியில் இருந்தால் பைலட் பேரிங், ஃபோர்க், இன்புட் ஷாஃப்ட் சீல், இன்ஜினின் பின் ஆயில் சீல் - பட்டியல் இத்துடன் முடிகிறது. இதில் பேரிங்கை மாற்றி விட வேண்டும். மற்றதைப் பார்த்து, கசிவோ தேய்மானமோ இருந்தால் மாற்ற வேண்டும். இந்தச் சாக்கில் பிரேக் லைனிங்கையும் வைப்பரையும் சேர்த்தால் அது வேறு கதை.

"புதுப் பேரிங் போலியாக இருந்தால்? பழைய ஒரிஜினலே மேல் இல்லையா?" இதுவும் உண்மை. போலிப் பேரிங்கை விடப் பழைய ஒரிஜினல் நல்லது. அதனால் பெட்டியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்ல வேண்டும். பழையதைக் கையோடு வாங்கிக் கொள்ள வேண்டும். நேர்மையான மெக்கானிக் இரண்டையும் சந்தோஷமாகச் செய்வார். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுற்றிக் காட்டுபவர்களும் உண்டு.

"கையில் காசில்லாதவன் என்ன செய்வான்?" இது தான் உண்மையிலேயே கடினமான கேள்வி. பழைய ஆம்னி வேனை வைத்து வாடகை ஓட்டிப் பிழைப்பவருக்கு 900 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் இரண்டாவது கூலியை அவரால் தான் கொஞ்சமும் தாங்க முடியாது. வசதி உள்ளவருக்கு 8,400 ஒரு எரிச்சல். அவருக்கு அது ஒரு கடன். ஆகவே மற்றவர்களை விட இந்தக் கணக்கு அவருக்கே அதிகம் தேவை.

பில்லில் ஒரு வரி

இனி கூலி விஷயம். பல சின்னப் பட்டறைகளில் பில் என்பதே துண்டுச் சீட்டு. "கிளட்ச் வேலை" என்று எழுதி ஒரே மொத்தத் தொகை. வாடிக்கையாளருக்கு எதற்கு எவ்வளவு என்று தெரியாது. தெரியாததால் சந்தேகம். சந்தேகத்தால் பேரம். பேரத்தில் அடிபடுவது எப்போதும் கூலி தான். ஏனென்றால் பேரிங்குக்குப் பெட்டி இருக்கிறது, உழைப்புக்குப் பெட்டி இல்லை.

அடிபடப் போகிறோம் என்று தெரிந்த மெக்கானிக் என்ன செய்வார்? பாகத்தின் விலையில் கூலியை ஒளித்து வைப்பார். அதாவது, கூலியை நேராகக் கொடுக்க மறுக்கும் வாடிக்கையாளர் தான் உதிரிப் பாகத்தில் விலை ஏற்றும் பழக்கத்தை வளர்க்கிறார். இந்தப் பழக்கத்தின் மோசமான விளைவு என்ன தெரியுமா? பாகம் விற்றால் தான் லாபம் என்று ஆன பிறகு, "இது மாத்த வேண்டாம், நல்லா இருக்கு" என்று உண்மை சொல்லும் மெக்கானிக்குக்கு நஷ்டம்!

சட்டமும் தனி வரிக்குத் தான் இடம் கொடுக்கிறது. கார் சர்வீஸில் பாகத்தின் மதிப்பையும் கூலியின் மதிப்பையும் தனித்தனியாகக் காட்டியிருந்தால் தனித்தனியாகவே ஜி.எஸ்.டி. போட வேண்டும் என்று 2018 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. அன்றைக்குக் கிளட்ச் பாகங்களுக்கு 28 சதவீதம், கூலிக்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கும் 18 சதவீதம் என்று ஆகி விட்டது. விகிதம் ஒன்றாகி விட்டதே, இனி ஏன் பிரித்து எழுத வேண்டும் என்று கேட்கலாம். வரிக்காக அல்ல, நம்பிக்கைக்காக. வரி வரம்புக்குள் வராத சின்னப் பட்டறையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாகம், கூலி என்று இரண்டு வரி எழுதலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பில் தராமல் இருப்பதை முறையற்ற வணிகப் பழக்கங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் எந்த ஊரிலும் கிடைக்கும். அடுப்புச் சூட்டில் நின்று பதம் பார்த்துக் கிண்டும் கைக்குத் தான் அந்த ஊர்ப் பெயர். பால்கோவா வாங்கும் போது "பால் விலை போக மீதி எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. கியர் பாக்ஸை நேராக இழுக்கத் தெரிந்த கைக்கும் அதே மரியாதை கிடைத்தால் என்ன?

காருக்கு அடியில் இருப்பவர்கள்

கூலியைக் குறைத்தால் அது எங்கே குறையும்? முதலாளியின் பங்கில் குறையாது. ஸ்டாண்டில் குறையும், வெளிச்சத்தில் குறையும், உதவிக்கு நிற்கும் இரண்டாவது ஆளில் குறையும். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்டு வாங்கக் காசில்லாத இடத்தில் செங்கலும் கட்டையும் வந்து உட்காரும். அதன் அடியில் ஒரு மனிதன் படுத்திருப்பான். இருவர் சேர்ந்து இறக்க வேண்டிய கியர் பாக்ஸை ஒருவரே நெஞ்சில் வாங்கி இறக்குவதை வீரம் என்று சொல்லக் கூடாது.

பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கறுப்புத் தூசி இன்னொரு ஆபத்து. பழைய காலக் கிளட்ச் பிளேட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். அந்தத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதினால் நேராக நுரையீரலுக்குப் போகும். அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலத்தை வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றே சொன்னது. பட்டறையில் அந்தத் தீர்ப்புக்கு நிகரானது மிக எளிமையானது: ஊதாமல் ஈரத் துணியால் துடைப்பது, முகத்தில் ஒரு மாஸ்க். மாஸ்க்கின் விலையும் கூலிக்குள் தான் இருக்கிறது. 14 வயது நிறையாத பையனை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016 சட்டத் திருத்தம் சொல்கிறது. "பையன் தானே, சும்மா ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறான்" என்பது பதில் ஆகாது.

ராஜபாளையத்தில் பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. மோட்டார் மெக்கானிக் படிப்பு படித்து விட்டு வரும் இளைஞன், தன் வேலைக்கு ஒரு தனி வரி கூட இல்லாத பில்லைப் பார்த்தால் அந்தத் தொழிலில் நிற்பானா?

இனி கிளட்சே இருக்காதாமே?

மின்சாரக் கார் வந்து விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் சிரிக்கலாம். பெரும்பாலான மின்சாரக் கார்களில் கிளட்ச் இல்லை என்பது சரி. ஆனால் 2014-ல் செலேரியோ மூலமாகப் பரவலான ஏ.எம்.டி. கார்களில் பெடல் தான் இல்லை. கிளட்சும் ரிலீஸ் பேரிங்கும் உள்ளேயே இருக்கின்றன. கால் செய்த வேலையை இயந்திரம் செய்கிறது. சில புதுக் கார்களில் ஹைட்ராலிக் சிலிண்டரும் பேரிங்கும் ஒரே பொருளாகப் பெல் ஹவுசிங்குக்குள் போய் விட்டன. ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் கியர் பாக்ஸ் இறங்கியாக வேண்டும். பொருள் சின்னதாகிறது, அதை எட்டும் வேலை பெரிதாகிறது. கணக்கு மாறவில்லை.

ஓட்டுபவர்களும் ஒன்று செய்யலாம். ஓடும் போது காலைப் பெடல் மேல் ஓய்வாக வைக்காமல் இருக்கலாம். சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து பெடலை விட்டு விடலாம். காசு செலவில்லாமல் பேரிங்கின் ஆயுளைக் கூட்டும் வழி இது தான்.

அதையும் மீறி ஒரு நாள் சத்தம் வரும். வண்டி பட்டறைக்குப் போகும். கியர் பாக்ஸ் இறங்கும். அன்று பேரிங்கை மாற்றச் சொல்லட்டும். பழையதைக் கேட்டு வாங்கட்டும். பில்லில் கூலியைத் தனியாக எழுதச் சொல்லட்டும். எழுதிய பிறகு அந்த வரியில் மட்டும் பேரம் பேசாமல் இருக்கட்டும். ஏனென்றால் அந்தப் பேரிங்கின் உண்மையான விலை அதன் பெட்டியில் அச்சடித்ததல்ல. அதை எட்டுவதற்காகக் காருக்கு அடியில் படுத்தவரின் அந்த நாள்.